சோளகம் எழும்பினால் கிணறு இறங்கும்

வைகாசியில் எழும்பும் சோளகக் காற்று புரட்டாதி வரை யாழ்ப்பாணத் தீவகத்தை விட்டு நகராது. வள்ளக்காரருக்கு அது தொல்லை பிடித்த காற்று. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு அந்த மாதங்களில் ஆடுகிற ஆட்டத்தில், பழகிய சனமே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் இந்தக் காற்றைத் தேடி வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய பட்டமொன்றை இடுப்பில் பூட்டிக்கொண்டு, பலகையில் நின்றபடி கடல்மேல் இழுபட்டுப் பறக்கும் கைற்சேர்பிங் விளையாட்டுக்கு ஆழமில்லாத நீரும் ஓயாத காற்றும் போதும். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி அதனால் உலகப் பெயர் எடுத்துவிட்டது. மன்னார்த் தீவிலும் அது கால் ஊன்றிவிட்டது. அப்படியானால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏன் கூடாது என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

கேட்பதற்கு இப்போது வசதியும் கூடியிருக்கிறது. 2014இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. கொரோனாவில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பியது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நின்று நின்று ஓடினாலும் ஓடுகிறது. ‘லோன்லி பிளனெற்’ 2026ஆம் ஆண்டுக்குப் பரிந்துரைத்த இடங்களின் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. கோயிலும் கோட்டையும் நூலகமும் பார்த்து, ஒரு கூழ் குடித்துத் திரும்புகிறவரை இன்னும் இரண்டு இரவு தங்கவைக்க வேண்டும். அதற்குக் கிராமப்புறத்தில் என்ன இருக்கிறது என்று தேடும்போதுதான் சாகசச் சுற்றுலா என்ற சொல் வந்து விழுகிறது. கடல்நீரேரியில் கயாக் வலிக்கலாம், தீவுகளைச் சைக்கிளில் சுற்றலாம், மணல்மேட்டில் கூடாரம் அடிக்கலாம், சுண்டிக்குளத்தில் பறவை பார்க்கலாம்.

இவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பழி சொல்ல ஒன்றுமில்லை. கயாக்குக்கு எண்ணெய் வேண்டாம். கைற்சேர்பிங்குக்கு இயந்திரமே இல்லை. சைக்கிள் யாழ்ப்பாணத்தானின் சொந்த வாகனம். விளையாட்டின் பாரம் மிகக் குறைவு. அந்த விளையாட்டுக்காரர் இரவு தங்கும் அறை, குளிக்கும் தண்ணீர், அறையின் கழிவுநீர், குளிரூட்டிக்கு ஓடும் ஜெனரேற்றர், குடித்துவிட்டுப் போடும் போத்தல் இவைதான் பாரம். திட்டங்களைப் பற்றிய பேச்சில் விளையாட்டு முன்னே நிற்கிறது, அறை பின்னால் மறைந்துகொள்கிறது. குடாநாட்டில் முதலில் எண்ண வேண்டியது அறையைத்தான். ஏனென்றால் இங்கே ஆறு இல்லை.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. கீழே கடல் உப்புநீர், அதன்மேல் நன்னீர். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல ஒரு மெல்லிய படை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பாடநூல் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வயிறு கலங்கும். பம்ப் போட்டு மேலே ஓரடி இறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரப் பார்க்கும். தீவுகளில் இந்தப் படை இன்னும் மெல்லியது.

வெடிப்புள்ள பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே எதை விட்டாலும் கீழே போகும், பக்கத்து வளவுக்கும் போகும். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காசு வரலாம், கிணறு பழைய கிணறாக வருமா? விடுதியின் மலக்குழி அந்தளவு பெரிய வில்லன் இல்லைதான். ஆனால் கிணறும் மலக்குழியும் ஒரே வளவுக்குள் இருக்கும் ஊரில், நாலு பேர் குடியிருந்த வீட்டைப் பத்து அறையாக்கும்போது குழி மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனிக் காலத்தைப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்கள்தான் இங்கே மழையற்ற மாதங்கள். ஆடி, ஆவணியில் கிணற்று மட்டம் இறங்கிக்கொண்டே போகும். அதே நேரத்தில்தான் கனடாவிலும் லண்டனிலும் பள்ளி விடுமுறை; நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். புலம்பெயர்ந்த சொந்தங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் காலம் அது. அதற்குமேல் கைற்சேர்பிங் பருவத்தையும் கொண்டுபோய் வைத்தால், நிலத்தில் நீர் மிகக் குறைந்த நாளும் தேவை மிகக் கூடிய நாளும் ஒன்றாகிவிடும். பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள சின்ன நீச்சல்குளம் ஒன்றை நிரப்ப 75,000 லீற்றர் வேண்டும். நாளுக்கு 300 லீற்றரில் சமாளிக்கும் குடும்பத்துக்கு அது 250 நாள் தண்ணீர். கடலுக்கு நூறு மீற்றர் தூரத்தில் நீச்சல்குளம் எதற்கு என்று கேட்டால், விருந்தினர் எதிர்பார்க்கிறார்கள் என்ற பதில்தான் வரும்.

கடல்நீரைச் சுத்திகரித்துக் கொள்ளலாமே என்பார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது குடிமக்களின் குடிதண்ணீருக்காகக் கட்டியது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்து நின்றபின் கண்ட மாற்றுவழி. மின்சாரத்தைத் தின்னும் தண்ணீர் அது. எடுத்த உப்பு செறிந்து மீண்டும் கடலுக்கே போகிறது. அந்த நன்னீரை நீச்சல்குளத்தில் ஊற்றுவதற்கு முன் யாராவது ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இத்தனையையும் ஓரிடத்தில் பார்க்க விரும்பினால் நெடுந்தீவுக்குப் போகலாம். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் சில ஆயிரம் பேர் வாழும் தீவு. முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்குமரம். தெற்கே திறந்த புல்வெளியில் அந்நியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை காட்டுக்குதிரைகளாக மேய்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாயிற்று.

சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. மேடும் இல்லை, வாகன நெரிசலும் இல்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பிக்கப்பிலோ ஓட்டோவிலோ ஏறி மூன்று மணி நேரத்தில் சுற்றி முடித்து, கடைசிப் படகைப் பிடிக்க ஓடுகிறார்கள். குதிரையைக் கிட்டப் படம் எடுக்க வாகனத்தைப் புல்வெளிக்குள் இறக்குகிறவர்களும் உண்டு. கோடையில் அந்தப் புல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். கீழே கல்லின்மேல் ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்கள் அதிகம். சில்லுப் பட்ட தடம் அடுத்த மாரி வரும்வரை அப்படியே கிடக்கும். குட்டைகள் வற்றிய வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் செத்து விழுந்த செய்தி பத்திரிகைகளில் ஒரு முறையல்ல, பல முறை வந்திருக்கிறது. ஊரிலோ சாராப்பிட்டி போன்ற ஒருசில இடங்களின் கிணறுகளில்தான் நல்ல தண்ணீர், மற்றவை உவர். மிச்சத்தைச் சுத்திகரிப்பு இயந்திரமும் பவுசரும் பார்த்துக்கொள்கின்றன. இந்தத் தீவில் எத்தனை கட்டில் போடலாம் என்பதை முதலீட்டாளர் சொல்வதைவிட பவுசர்க்காரர் சரியாகச் சொல்லிவிடுவார்.

படகும் ஒரு சங்கதி. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்கள் தீவுச் சனத்துக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம்தான். விடுமுறை நாளில் இறங்குதுறையில் நூறு உல்லாசப் பயணிகள் கூடிவிட்டால், கிளினிக்குக்கு வந்து திரும்பும் கிழவிக்கு இருக்கை கிடைப்பது சந்தேகம். பயணிகளுக்குத் தனிப் படகு, ஊராருக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு இல்லாத சாகசச் சுற்றுலா, ஊராரின் சாகசமாகத்தான் முடியும்.

குடாநாட்டின் மற்ற முனையில், வல்லிபுரத்துக்குத் தெற்கே மணற்காடு. பெயரே விலாசம். சவுக்குத் தோப்பும், மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களும், அலைபோல அடுக்கிய மணல்மேடுகளும் படம் பிடிப்பவர்களுக்கு நல்ல விருந்து. நாற்சில்லு மோட்டார் சைக்கிளுக்கு உகந்த இடம் என்று யாருக்காவது தோன்றினால் வியப்பில்லை. அந்த மேட்டை மேடாக நிறுத்தி வைத்திருப்பவை இரண்டு செடிகள். ஒன்று, ஊசி முனை விரித்து உருண்டையாக முளைக்கும் இராவணன் மீசை. மற்றது, ஊதாப் பூவோடு மணல்மேல் ஓடும் அடம்பங்கொடி. வேர் அறுந்தால் காற்று மணலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தத் தேவாலயத்துக்கு நடந்தது பக்கத்து வீட்டுக்கும் நடக்கும். மேட்டு மணல் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை ஆழிப்பேரலையில் அடிபட்டது. அலைக்கும் ஊருக்கும் இடையே மேடு இருப்பதும் இல்லாததும் என்ன என்று இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. மணல் ஏற்றும் டிப்பர்களால் ஏற்கெனவே காயம்பட்ட நிலம். டிப்பரைத் தடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே, பொழுதுபோக்கு வண்டிக்குப் பாதை வெட்டுவது பொருந்தாத வேலை.

இன்னும் கிழக்கே போனால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. மாரிக்குப்பின் கடல்நீரேரியில் பூநாரைகள் இறங்கும். பறவைக்குப் பக்கத்தில் போவது ஒரு சாகசமாக விற்கப்படுவதுதான் இங்கே சிக்கல். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் பறக்கும். ஒரு ட்ரோனோ இயந்திரப் படகோ கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், நீண்ட வலசைக்காகச் சேர்த்த கொழுப்பு அந்த ஓட்டத்தில் கரையும். தினமும் கிளப்பினால் அது வேறிடம் பார்க்கும். பிறகு காட்ட எதுவும் இராது. இயந்திரமில்லாத தோணி, நிலையான பார்வைக் கோபுரம், ஊர்ப் பொடியன் ஒருவன் வழிகாட்டியாக. வருமானத்துக்கு இது போதும். போர் முடிந்த நிலம் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்டகாலம் நடந்தது. ஒட்டாவா உடன்படிக்கையின்படி இலங்கை முழுவதையும் வெடியற்றதாக்க வேண்டிய கெடு 2028. தடம் விட்டு விலகி நடப்பதை விளம்பரப்படுத்தும் ‘ட்ரெக்கிங்’ வணிகம் இந்த வட்டாரத்தில் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

கற்பிட்டியில் நடந்ததை இங்கே யாரும் விசாரிக்காமல் இருக்கக்கூடாது. அங்கே தீவுகளை ஓய்வு விடுதிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் பெரிய அரசுத் திட்டம் வந்தபோது, கரையில் வாடி போடும் இடத்தையும் வலை இழுக்கும் இடத்தையும் இழக்கிறோம் என்று மீனவர் எதிர்த்தார்கள். அங்கே சிக்கல் விளையாட்டு இல்லை, காணி. திருகோணமலையின் புறாத்தீவில் வேறு கதை: 2003இல் தேசியப் பூங்காவாகியும், நீந்த வருகிறவர்கள் முருகைக்கல்லின்மேல் ஏறி நிற்பதால் வந்த சேதம் நிற்கவில்லை. வடக்கில் கடற்றொழிலாளர் ஏற்கெனவே இரண்டு பக்கம் இடிபட்டவர்கள். ஒரு பக்கம் எல்லை தாண்டி வரும் இழுவைமடிப் படகு. மறுபக்கம் கரையோரக் கடலில் வேலியிட்ட கடலட்டைப் பண்ணைகள் பற்றிய தகராறு. மூன்றாவதாக ஒரு ‘நீர் விளையாட்டு வலயம்’ வந்து மிதவை கட்டினால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இருக்கவும் தேவையில்லை. மாறாக, சோளகத்தில் கடலுக்குப் போக முடியாமல் வள்ளத்தைக் கரையேற்றியவர்களிடமே மீட்புப் படகு வேலையைக் கொடுத்தால், உழைப்பு ஊருக்குள் நிற்கும். காற்று எப்போது திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? 1993ஆம் ஆண்டின் அரசிதழ்ப்படி, பொதுவாக 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட விடுதிக்குத்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். கரையோர வலயத்துக்குள் கட்டினால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனி. ஆனால் வலயத்துக்கு அப்பால், ஊருக்குள், பத்து அறை விடுதி இருபது முளைத்தால் மொத்தம் இருநூறு அறை. ஒன்றுக்கும் மதிப்பீடு இல்லை, இருபதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க எந்த அலுவலகத்துக்கும் கடமை இல்லை. கூட்டிப் பார்த்திருக்கக்கூடிய வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மிஞ்சியிருப்பது பிரதேச சபைகள்தான். கட்டட அனுமதிக் கோப்பு அவர்கள் மேசைக்குத்தான் வருகிறது. அந்தக் கோப்பில் அறை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆவணி மாதத்துக் கிணற்று மட்டத்தையும் மலக்குழியின் அளவையும் கேட்டு எழுத, கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நெடுந்தீவு, வேலணை, பருத்தித்துறைப் பிரதேச சபைகள் அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.