மினிக் காரின் துருத்தி உறை



மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவஸ்டன் மலைக்கு ஏறும் பாதை கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது. கண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள பலகடுவை ஏற்றமும் சுக்கானை அடிக்கடி திருப்பச் செய்வது. இத்தகைய பாதைகளில் ஒரு பழைய மினிக் காரின் உயிரைக் காத்து நிற்பது, முன்சில்லுக்கு உட்புறமாகப் பொருந்தியிருக்கும் ஒரு சிறிய இறப்பர் உறையாகும். அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1956ஆம் ஆண்டின் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவிலே பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் விளைவாக, அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி 1959இல் வெளிவந்தது. இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டு, முன்சில்லுகளே வண்டியை இழுத்தன. இழுக்கும் சில்லே திரும்பவும் வேண்டும் என்பதுதான் இங்கே எழுந்த சிக்கல். சாதாரணக் குறுக்கு மூட்டு வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். அமெரிக்காவிலே அல்பிரட் ஷெப்பா என்பவர் 1920களில் கண்ட மூட்டு இக்குறையைத் தீர்த்தது. ஒரு கிண்ணத்துள் ஆறு உருக்குக் குண்டுகள் பள்ளங்களில் ஓடுகின்றன. தண்டு எவ்வளவு வளைந்தாலும், அவ்வளைவைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே அக்குண்டுகள் நிற்பதால் சுழற்சி மாறுவதில்லை.

அக்குண்டுகளுக்கு உணவு கிரீஸ். அதனை உள்ளே அடைத்து வைத்திருப்பதே ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பாக அமைந்த உறை. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து இளகும். ஓசோன் பட்டு வெடிக்கும். ஆகவே இவ்வகை உறைகளுக்குப் பெரும்பாலும் நியோப்பிறீன் போன்ற செயற்கை இறப்பரைக் கொள்வர். அதுவும் காலப்போக்கில் மடிப்புகளில் பிளக்கும். பிளந்தால், சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும். மணலும் மழைநீரும் உள்ளே புகும். சில்லின் உட்புறத்தில் கரிய கிரீஸ் தெறித்திருப்பது முதல் அடையாளம். சுக்கானை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது "டக், டக்" என்ற ஒலி கேட்குமாயின், மூட்டே தேயத் தொடங்கிவிட்டது என்பது பொருள்.

இதனைப் புறக்கணித்தால் நேர்வது என்ன? ஏற்றத்தின் நடுவே மூட்டு முறிந்தால், இயந்திரம் சுழன்றாலும் வண்டி முன்னேறாது. இறக்கத்திலோ, கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் அற்றுப்போய், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.

உறை மாற்றும் முறையைக் கூறுகிறேன். வண்டி தரையில் நிற்கும்போதே அச்சின் நடுவிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே செல்லலாகாது. சில்லைக் கழற்றிச் சுக்கான் மூட்டையும் தொங்கலின் குண்டு மூட்டுகளையும் விடுவித்து, தண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரேக் குழாயில் பாரம் தொங்க விடலாகாது. பிரிக்கும் விவரம் வண்டியின் ஆண்டுக்கேற்ப வேறுபடுவதால், அதற்குரிய கைநூலைப் பார்த்தல் நன்று.

மூட்டைத் தண்டிற் பிடித்திருப்பது ஒரு வில் வளையம். மென்மையான சுத்தியலால் ஓங்கித் தட்டினால் மூட்டு விடுபடும். இனி வருவதே தலையாய பகுதி. பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் முற்றும் கழுவி உலர்த்தி, குண்டுகளையும் பள்ளங்களையும் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் மூட்டையே மாற்றுக. மணல் கலந்த கிரீஸின் மேல் புதிய உறையைப் போடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும். பின்னர் உறையை முதலில் தண்டிற் கோத்து, மொலிப்டினம் கலந்த கிரீஸை நிரப்பி, புதிய வளையத்துடன் மூட்டைப் பொருத்தி, உறையின் இரு வாய்களையும் பட்டியால் இறுக்குக. நட்டைக் கைநூல் கூறும் அளவுக்கு முறுக்கி, புதிய பிளவூசி இட வேண்டும். இறுதியாகச் சுக்கானை இருபுறமும் திருப்பி, உறை முறுகாமல் விரிகிறதா என்று நோக்குக.

2020 முதல் 2025 வரை நம் நாட்டில் தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், உள்ள வண்டியைப் பேணுவதன் அருமையைப் பலரும் உணர்ந்தனர். மாதம் ஒருமுறை சுக்கானைத் திருப்பி வைத்து, குனிந்து அந்த மடிப்புகளைப் பாருங்கள். உறையின் விலை சொற்பம். அது காக்கும் மூட்டின் விலையோ பன்மடங்கு. மலைப்பாதையில் அம்மூட்டை நம்பிச் செல்லும் உயிருக்கு விலையே இல்லை.