கர்ப்பகால உயர் குருதியமுக்கம்: சூல்வித்தகத்தில் தொடங்கும் கோளாறு

அகலாத நாடிகள்

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்படுவதோ முன்சூல்வலிப்பு எனப்படும். மனக்கவலையாலும் உப்பாலும் வந்த பிரஷர் என்று வீடுகளில் பேசப்பட்டாலும், இதன் தொடக்கம் பல மாதங்களுக்கு முன்னரே, சூல்வித்தகம் கருப்பையில் வேரூன்றும் காலத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

இயல்பான கர்ப்பத்தில், போசணையரும்பர் எனப்படும் சூல்வித்தகக் கலங்கள் கருப்பைச் சுவரின் சுருளி நாடிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசையையும் உள்ளணியையும் அகற்றித் தாம் அவ்விடத்தில் அமர்வதால், ஒடுங்கிய நாடிகள் தோட்டத்து வாய்க்காலை அகல வெட்டியது போல விரிந்து, சுருங்கும் இயல்பையும் இழக்கின்றன. இந்த ஊடுருவல் அரைகுறையாக நின்றால், குருதி சீராகப் பாயாமல் சூல்வித்தகம் ஒட்சிசன் குறைவுக்கு உள்ளாகிறது.

குருதியில் கலக்கும் புரதம்

நலிந்த சூல்வித்தகம் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் குருதியில் விடுகிறது. குருதிக்குழாய்களின் உள்ளணிக் கலங்களைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து வைத்துக்கொள்வதால், அக்கலங்கள் குழாயைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டைக் குறைவாகவும், சுருக்கும் எண்டோதீலினைக் கூடுதலாகவும் ஆக்குகின்றன. அமுக்கம் உயர்கிறது, சிறுநீரக வடிகட்டி புரதத்தைக் கசியவிடுகிறது, மூளை பாதிக்கப்பட்டால் வலிப்பு வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆனந்த் கருமாஞ்சியின் குழு, பொஸ்டனில் எலிகளிடம் இப்புரதத்தை மிகுவித்தபோது உயர் அமுக்கமும் சிறுநீர்ப் புரதமும் தோன்றியதை 2003இல் வெளியிட்டது. ஒரே ஒரு புரதம் நோயின் முக்கிய அடையாளங்களை உருவாக்கியது என்பதே அதன் சிறப்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தாய்மார்

தாய் நலமாக உணரும்போதே அமுக்கம் உயர்ந்திருக்கலாம் என்பதால், குடும்பநல உத்தியோகத்தர் குறித்துக்கொடுக்கும் கிளினிக் நாள் தவறக் கூடாது. கால் வீக்கம் பலருக்கும் வருவதே. முகமும் கைகளும் திடீரென வீங்குதல், கடும் தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோவு ஆகியவையே அபாயக் குறிகள். குறிகட்டுவான்வரை படகேறி வர வேண்டிய நெடுந்தீவுத் தாய் இவற்றுக்காக விடியும்வரை காத்திருத்தல் ஆபத்து.

உப்பைக் குறைத்து இந்நோயைத் தடுக்க முடியாது. முன்னர் இந்நோய் கண்டவர், நீரிழிவோ நாட்பட்ட உயர் அமுக்கமோ உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் குறைந்த அளவு அஸ்பிரினைப் பெரும்பாலும் 12 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்குவது, நாடிகள் மாறும் காலத்தைக் கருதியே. மக்னீசியம் சல்பேற்று வலிப்பைத் தடுக்கும். நோயின் ஊற்று நீங்குவது சூல்வித்தகம் வெளியேறும்போதுதான். அதன் விளைவுகளோ உடனே அடங்குவதில்லை. பிள்ளை பிறந்த பின்னும் சில நாட்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், துடக்குக் காலத்தில் வரும் கடும் தலையிடியை நித்திரைக்குறைவு என்று விடாமல் உடனே அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும்.