எருது, குதிரை, தீவனக் கணக்கு

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து அர்பன்டேல் என்ற ஊரில், பழைய விவசாயத்தை நடத்தியே காட்டும் பண்ணை ஒன்று உள்ளது. வேளாண் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் மர்ரே 1970-ல் இதைத் தொடங்கினார். பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் ஒரே நாளில் மூன்று காலத்துச் சாகுபடியைச் சுற்றிப் பார்க்கலாம்.

முதலாவது, 1700-ம் ஆண்டையொட்டிய அயோவே பழங்குடியினரின் நிலம். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றும் கலப்புப் பயிர். மக்காச்சோளத் தட்டையே அவரைக்குக் கொழுகொம்பு. பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். சோளக்கொல்லையில் அவரை ஊன்றுகிறவர்களுக்கு இது புதுச் சேதி அல்ல. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டினால், அதுதான் அவர்களுடைய களைக்கொட்டு!

அடுத்தது 1850-ம் ஆண்டுப் பண்ணை. இங்கே உழவுக்கு எருது. அதற்கு அடுத்த 1900-ம் ஆண்டுப் பண்ணையில் எருது இல்லை, குதிரை. இந்த மாற்றத்தில்தான் விவசாயி கவனிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது. எருதின் நடை மெதுவு. ஆனால் பெரும்பாலும் புல்லைத் தின்றே உழைக்கும், கிழடானாலும் விலை போகும். குதிரை விரைவாக உழும். ஆனால் கடுமையாக உழைக்கும் குதிரைக்குப் புல் மட்டும் போதாது, ஓட்ஸ் போன்ற தானியமும் வேண்டும். ஆகவே நிலத்தில் ஒரு பங்கைக் குதிரைத் தீவனத்துக்கென்றே ஒதுக்கினார்கள். பிறகு டிராக்டர் வந்தபோது அந்த நிலம் விற்பனைப் பயிருக்குக் கிடைத்தது. ஆனால் சொந்த வயலில் விளைந்த தீவனம் போய், எரிபொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

பண்ணையில் வேலைகள் பருவத்துக்குத் தக்கபடி மாறும். அறுவடைக் காலத்தில் போகிறவர்கள் மக்காச்சோளக் கதிரைக் கையால் உரிப்பதையும் பார்க்கலாம்.