பணியிடத்தில் மாற்றுச் சிந்தனை: மலாக்கா தரும் சான்று

‘பணியிடத்தில் புத்தாக்கத்தை ஊக்குவிக்கும் வழிகள்’ என்று தலைப்பு வந்தால், மாணவர்கள் பலர் உடனே அமெரிக்கக் கணினி நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மலாக்காவிலேயே நல்ல சான்று இருக்கிறது.

பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட பால்மரத்தின் 22 கன்றுகள் 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, அந்த மரத்துக்கு எதிர்காலம் உண்டென்று நம்பினார். தோட்ட முதலாளிகளோ காப்பியை நம்பியிருந்தார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘இரப்பர் நட்டுப் பாருங்க’ என்று வற்புறுத்திய அவருக்குக் கிடைத்த பட்டம் ‘பைத்தியக்கார ரிட்லி’.

அவர் வெறுமனே பேசிக்கொண்டிருக்கவில்லை. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் காயப்பட்டது. ரிட்லி பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவினார். அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பில் மறுபடியும் சீவினார். உட்பகுதி காயப்படாததால் பட்டை மீண்டும் வளர்ந்தது. ஒரே மரத்தில் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்க முடிந்தது. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் மரம் சீவிய முறைக்கு அடிப்படை இதுதான்.

யோசிக்க ஒருத்தர் இருந்தால், நம்பிச் செய்து பார்க்க இன்னொருத்தர் வேண்டுமே? அவர்தான் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அது. அதன் பிறகே புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் இறங்கினார்.

இதிலிருந்து பணியிடத்துக்கு மூன்று வழிகளை எடுக்கலாம். முதலாவது, சொன்னவரைக் கேலி செய்யாமல் சொன்ன கருத்தை எடைபோடுவது. இரண்டாவது, சிறிய அளவில் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பது; 40 ஏக்கர் பொய்த்தாலும் சமாளிக்கலாம். மூன்றாவது, பொறுமை. பால்மரம் சீவும் பருவத்துக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். இன்னிக்கு நட்டு நாளைக்கு மங்கில் பால் தேட முடியாது.

இந்த வரலாற்றில் விடுபட்ட ஒன்றும் உண்டு. விடியற்காலையில் நிரைக்குப் போய் ஒவ்வொரு மரத்தோடும் பழகிய தமிழ்த் தொழிலாளிக்கு, எந்த மரம் எப்படிப் பால் தரும் என்பது கைப்பாடம். ஆனால் பிரட்டில் அவர் காதில் விழுந்தது கட்டளைதான். ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. எத்தனை நல்ல யோசனைகள் லயத்து வாசலோடு நின்றுபோயினவோ! அதனால் நான்காவது வழியாக இதையும் எழுதுங்கள்: வேலையைக் கையால் செய்பவரிடம் முதலில் கேளுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பறையும் ஒரு பணியிடம்தான். மாணவர் மாறுபட்ட விடை சொன்னால், ‘புத்தகத்துல அப்படி இல்லையே’ என்று மூடிவிடாமல், ‘ஏன் அப்படித் தோணுது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களே, இந்தச் சான்றைக் கட்டுரையில் எடுத்தாளும்போது பெயரையும் ஆண்டையும் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். மற்றவர்கள் ஏன் மறுத்தார்கள், இவர் எதை மாற்றினார், அதனால் என்ன விளைந்தது என்ற மூன்றையும் வரிசையாக விளக்குங்கள். அப்போதுதான் சான்று உங்கள் கருத்துக்கு வலுச் சேர்க்கும்.