வறண்ட முற்றத்திலும் பசுமை: யூக்கா வளர்ப்போம்

கோடை வந்துவிட்டால் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் முதலில் காய்வது வீட்டுத் தோட்டம்தான். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரைக் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் வீட்டில், செடிக்கு ஊற்ற மனம் வருவதில்லை. போர் தண்ணீரோ பல தெருக்களில் உப்பு. வீட்டைப் பூட்டிவிட்டு வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வசிக்கும் குடும்பங்களுக்கு, ஊரில் தண்ணீர் ஊற்ற ஆளே கிடையாது. இதனால் பலர் முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். தளம் போட்டால் பெருக்குவது எளிதுதான். ஆனால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடுகிறது. வெயில் நேரத்தில் வீட்டைச் சுற்றிலும் அனல் அடிக்கிறது.

முற்றத்தை மூடுவதற்கு முன் ஒன்றை யோசிப்போம். நாம் விரும்பும் செடிக்காகத் தண்ணீர் தேடுவதற்குப் பதிலாக, நம்மிடம் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற செடியைத் தேடினால் என்ன? அப்படித் தேடும்போது கையில் கிடைக்கும் ஒரு நல்ல செடி யூக்கா.

யூக்கா எப்படிப்பட்ட செடி?

வட அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் இயற்கையாக வளரும் செடி இது. நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வாள் போன்ற நீண்ட இலைகள் ஒரு மையத்திலிருந்து சுற்றிலும் விரிந்து நிற்கும். நன்கு வளர்ந்த செடியில் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, வெள்ளை மணிகள் தொங்குவது போலக் கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் 'யுக்கா' என்று விற்கப்படும் கிழங்கு நம் மரவள்ளிக்கிழங்கு. அதற்கும் இந்தச் செடிக்கும் தொடர்பு இல்லை. ரயில் பாதை ஓரங்களில் காணும் ஆனைக்கற்றாழை இதற்கு உறவுதான். ஆனால் ஆனைக்கற்றாழை ஒரு தடவை பூத்ததும் பட்டுப்போகும். தண்டுவிட்டு வளரும் யூக்கா பூத்த பிறகும் கிளை பிரிந்து பல ஆண்டுகள் வாழும்.

வறட்சியை எப்படித் தாங்குகிறது?

இதன் இலைகள் தடித்தவை. மேலே மெழுகு பூசியது போல இருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. இலைகள் வாய்க்கால் போல வளைந்திருப்பதால், சிறு தூறல் விழுந்தாலும் அந்த நீர் வழிந்து நடுத்தண்டின் அடிக்கு வந்து சேரும். யூக்கா அலோய்ஃபோலியா என்ற வகை இன்னும் ஒரு படி மேல். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். அப்போது ஈரமும் வெளியே போய்விடும். இந்த வகையோ பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது.

எந்த வகையை வாங்கலாம்?

நமக்குப் பொருத்தமானவை மூன்று.

முதலாவது, இப்போது சொன்ன அலோய்ஃபோலியா. இரண்டாவது, குளோரியோசா. இவை இரண்டும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல் மேடுகளில் வளர்பவை. எனவே மணல், உப்புக்காற்று, சுடும் வெயில் எதுவும் இவற்றுக்குப் புதிதல்ல. கடற்கரைத் தெரு வீடுகளுக்கு இவையே ஏற்றவை. ஆனால் இலை நுனி ஊசி போலக் கூர்மையாக இருக்கும். அலோய்ஃபோலியாவில் இன்னும் அதிகம்.

மூன்றாவது, எலிஃபன்டைப்ஸ் என்று சொல்லப்படும் வகை. அடித்தண்டு பருத்து யானைக்கால் போல இருக்கும். இலை மென்மையானது, நுனியில் முள் கிடையாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் நல்லது. தொட்டியிலும் வளரும். தரையில் நட்டால் காலப்போக்கில் மரமாகிவிடும் என்பதால், சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது 6 அடி தள்ளி நட வேண்டும். நடு அமெரிக்காவில் உள்ள எல் சால்வடார் நாட்டின் தேசிய மலர் இதன் பூதான்.

மழைக்காலமே உண்மையான சோதனை

யூக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: இது தண்ணீர் இல்லாமல் சாவதை விட, தண்ணீர் தேங்கிச் சாவதே அதிகம்.

நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மே மாத வெயிலைச் சிரித்துக்கொண்டே கடந்த செடி, நவம்பரில் இரண்டு வாரம் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். எனவே செடி வாங்கும் முன் தண்ணீர் வடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சென்ற மழையில் முற்றத்தில் எங்கே தண்ணீர் நின்றது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டாலே போதும். அந்த இடம் யூக்காவுக்கு வேண்டாம்.

நடும் முறை

மழை ஓய்ந்த ஜனவரி மாதம் நடுவதற்கு ஏற்றது. மண்ணில் ஈரம் இருக்கும். கடும் வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பாருங்கள். 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தோட்ட மண், ஒரு கூடை மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். தரை மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் மேடாகக் குவித்து, அந்த மேட்டின் மேல் நடுங்கள். களிமண் தரையாக இருந்தால் மேடு கட்டாயம். நட்ட பின் சுற்றிலும் இரண்டு அங்குலம் கனத்துக்குக் கூழாங்கல், ஜல்லி அல்லது உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பினால் மண் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக் கல் பரப்பி வளர்க்கும் முறைக்குப் பெயர் பெற்ற தோட்டம் ஒன்று இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் இருக்கிறது. பெத் சாட்டோ என்ற பெண்மணி 1990களின் தொடக்கத்தில், கார் நிறுத்தும் இடமாக இருந்த கரட்டு நிலத்தில் அதை உருவாக்கினார். தொடக்கத்தில் மண்ணைப் பக்குவப்படுத்தி, வறட்சி தாங்கும் செடிகளாகப் பார்த்து நட்டார். அதன் பிறகு பாசனம் செய்வதில்லை என்பதையே விதியாக வைத்துக்கொண்டார். அந்த நாட்டின் குளிர் வேறு, நம் வெயில் வேறு. ஆனால் மண்ணை முதலில் சரிசெய்து, கல் பரப்பி, பொருத்தமான செடியை நட வேண்டும் என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

ஒரு செடியிலிருந்து பல செடி

யூக்காவின் பூவில் மகரந்தம் சேர்ப்பது அதன் தாய்மண்ணில் வாழும் ஒரு வகை அந்துப்பூச்சி. அது இங்கே இல்லாததால் விதையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அடியில் முளைக்கும் பக்கக் கன்றை வேரோடு பெயர்த்து நடலாம். அல்லது ஓர் அடி நீளத் தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு மணலில் நடலாம். பச்சை வெட்டுடன் நட்டால் அழுகும். ஒரு வீட்டில் செடி இருந்தால், தெருவுக்கே கன்று கிடைக்கும்.

தண்ணீர் எவ்வளவு?

நட்ட முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை, செடிக்கு ஒரு குடம். அதன் பிறகு முதல் கோடை முடியும்வரை 15 நாட்களுக்கு ஒரு முறை போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து தரையில் உள்ள செடிக்கு மழையே போதும். இலைகள் சுருங்கத் தொடங்கினால் மட்டும் ஒரு குடம் ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு மண் முழுதும் காய்ந்த பிறகே தண்ணீர் காட்ட வேண்டும்.

உளூ செய்யும் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சோப்பு கலக்காத தண்ணீர் என்பதால் முருங்கை, வாழை, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் உகந்தது. ஆனால் தினமும் ஐந்து வேளை ஓடிவரும் அந்தத் தண்ணீரை யூக்காவின் அடியில் விட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

கூர்முனை உள்ள வகைகளைப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்திலும், வாசல் நடைபாதை ஓரத்திலும் நடவே கூடாது. இலை நுனி ஒரு சிறு பிள்ளையின் கண் உயரத்தில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே நட்டிருந்தால், நுனியில் உள்ள முள்ளை மட்டும் கால் அங்குலம் கத்தரித்துவிடுங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது. களை எடுக்கக் குனியும்போது பெரியவர்களும் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

இச்செடியில் நுரை வரும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினர் இதன் வேரையே சோப்பாகப் பயன்படுத்தினார்கள். ஆடு, பூனை தின்றால் வாந்தியும் கழிச்சலும் வரலாம். எனவே ஆடு கட்டும் இடத்துக்கு அருகில் வேண்டாம்.

காய்ந்து தொங்கும் அடி இலைகளை அவ்வப்போது அகற்றிவிடுங்கள். விட்டால் தேள், எலி தங்கும். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டினால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போகும். தண்டு மெத்தென்று ஆகி நாற்றம் வந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். மேலே நலமாக உள்ள பகுதியை வெட்டி, முன்பு சொன்ன முறையில் புதிதாக நட்டுக் காப்பாற்றலாம்.

எதை முதலில் நடுவது?

யூக்கா நிழல் தராது, நம் சமையலுக்கும் ஆகாது. வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் வேம்போ முருங்கையோ வையுங்கள். அவை எதுவும் பிழைக்காத இடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும்: மேற்கு வெயில் அறையும் சுற்றுச்சுவர் ஓரம், கடற்காற்று நேராக மோதும் மூலை, ஆள் இல்லாத பூட்டிய வீட்டின் முற்றம். அந்த இடத்துக்குத்தான் யூக்கா. அதன் காலடியில் சோற்றுக்கற்றாழையும் நித்தியகல்யாணியும் சேர்த்தால், அதிகத் தண்ணீர் கேட்காத சிறு தோட்டம் ஒன்று அமைந்துவிடும். அந்த அளவு மண்ணாவது சிமெண்ட் மூடாமல், அடுத்த மழையைக் குடிக்கத் திறந்திருக்கும்.