நூற்றுக்கு 15 எடுத்த பிள்ளை

நம் ஊரில் நூற்றுக்கு 35 எடுத்தால்தான் பாஸ். அந்தக் கணக்கு பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் குழந்தை டாக்டரின் அறை வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. "எடை 15-ஆவது பெர்சன்டைல்ல இருக்கு" என்று அவர் சொல்வதுதான் தாமதம், கூட வந்த பாட்டியின் முகம் வாடிவிடும். வீடு போய்ச் சேர்வதற்குள் 'தாய்ப்பால் பத்தலை' என்ற தீர்ப்பும் வந்துவிடும்.

பெர்சன்டைல் மார்க் அல்ல, வரிசையில் நிற்கும் இடம். ஒரே வயதில் ஆரோக்கியமான 100 ஆண் குழந்தைகளை எடைப்படி நிறுத்தினால், ஏறக்குறைய 15 பேர் உங்கள் பிள்ளையைவிட எடை குறைந்தவர்கள், மற்றவர்கள் கூடியவர்கள். அவ்வளவுதான். வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு பெர்சன்டைல். ஒரு வயது ஆண் குழந்தைக்கு நடுக்கோடு (50-ஆவது பெர்சன்டைல்) 9.6 கிலோ, 15-ஆவது பெர்சன்டைல் கோடு 8.6, 3-ஆவது பெர்சன்டைல் கோடு 7.8. பெண் குழந்தைக்குக் கோடுகளே வேறு. அதே வயதில் நடுக்கோடு 8.9 கிலோதான். அண்ணனின் வரைபடத்தில் தங்கையின் எடையைக் குறித்தால் நல்ல பிள்ளையும் நோஞ்சானாகத் தெரியும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கு" என்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இந்த வரைபடத்துக்காக பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளோடு நம் டெல்லியிலும் குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால் குடித்து, குறைவில்லாத சூழலில் வளர்ந்த பிள்ளைகளையே எடுத்துக்கொண்டார்கள். ஆறு நாட்டிலும் உயரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறியது.

பார்க்க வேண்டியது ஒரு புள்ளியை அல்ல, புள்ளிகளைச் சேர்க்கும் கோடு போகும் போக்கை. தமிழ்நாட்டுக்கு இது பழைய பாடம். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். ஏற வேண்டிய எடை ஏறாமல் தேங்கிய பிள்ளைகளுக்கு 90 நாள் இணை உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். 15-ஆவது கோட்டை ஒட்டியே மாதாமாதம் ஏறும் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 85-இல் இருந்தது சில மாதங்களில் 15-க்கு இறங்கினால், கொழுகொழுவென்று தெரிந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் பெற்றோரின் உடல்வாகுக்கு ஏற்ப ஒரு கோடு மாறுவது சகஜம். இரண்டு கோடு இறங்குவதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

பதறும் முன் தராசைப் பாருங்கள். போன மாதம் வேறு தராசா? நனைந்த டயப்பரோடு எடை போட்டார்களா? பிறந்த சில நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை எடை குறைவதும், இரண்டு வாரத்தில் அது திரும்புவதும் இயல்பு. இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது மாதத்தில் நான்கு மாதக் கணக்கில்தான் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு. இதைக் கேட்காமலே எடை குறைவு என்று சொல்லிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. கேட்பது உங்கள் பொறுப்பு.

பயந்த வீட்டுக்குள் முதலில் நுழைவது பால்பவுடர் டின். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள், பாட்டில் சரியாகக் கழுவப்படாமல் வயிற்றுப்போக்கு வரும், இருந்த எடையும் இறங்கும். இதற்காகவே 1992-இல் ஒரு சட்டம் வந்து, 2003-இல் இறுக்கப்பட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பவுடர், பால்பாட்டில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு எதற்கும் விளம்பரம் கூடாது; தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது; மருத்துவமனையில் சுவரொட்டி ஒட்டவோ, ஊழியர்களுக்குப் பரிசு தரவோ கூடாது. மருத்துவக் காரணத்துக்காக மருத்துவர் எழுதித் தருவது வேறு. யாராவது இலவசப் பாக்கெட்டை நீட்டினால் படம் எடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அங்கன்வாடியில் எடை பார்க்கக் காசு கிடையாது. தாய் சேய் நல அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள் இருக்கும். டாக்டர் சொல்லும் பெர்சன்டைலும் இந்த நிறங்களும் ஒரே அளவுகோலிலிருந்து வந்தவைதான். பச்சைக்குள் இருந்தால் எடை சரி. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரை வயதுக்கேற்ற உணவு அங்கன்வாடி வழியாக இலவசம். ஊட்டம் குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து உணவளிப்பதும் அரசின் கடமை. சத்துமாவு வரவில்லை, எடையே போடவில்லை என்றால் அங்கன்வாடி ஊழியரோடு சண்டை போட்டுப் பயனில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாநில உணவு ஆணையம் இருக்கிறது.

எந்தக் கோட்டுக்கும் காத்திராமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டிய நிலையும் உண்டு. ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போவது, பாலோ சோறோ எதையும் ஏற்காமல் துவண்டு கிடப்பது, இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது. இந்தக் கடைசி ஒன்றில் தராசை நம்பவே கூடாது. நீர் கோத்த உடம்பின் எடை அதில் கூடுதலாகவே காட்டும்.