பென்சில், தாள், தபால்

கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவர்கள் சுமார் 30 பெண்கள். ஆளுக்கொரு வீட்டில் இருந்தார்கள். யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. 1960களில் அது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். பென்சிலால் தாளில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். வேறோர் இடத்தில் அதை அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிட்டுப் பதிவுசெய்வார்கள். சரிபார்க்க மறுபடியும் ஒருமுறை துளையிடுவார்கள். அதன் பிறகுதான் இயந்திரத்துக்குப் போகும். நானும் புரோகிராம் எழுதிச் சம்பாதித்தவள்தான். ஒரு கமா விட்டுப்போனாலும் திரையே காட்டிக்கொடுக்கும் காலத்தில் வேலை பார்த்தேன். தாளை மட்டும் நம்பி அவர்கள் எழுதியதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அவர்களை ஒன்றுசேர்த்தவர் ஸ்டெஃபனி ஷெர்லி. 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் பிறந்தார். தந்தை யூதர், நீதிபதி. நாஜி ஆட்சியில் பதவி போனது. 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு வியன்னாவில் ரயிலேறி, அகதிக் குழந்தையாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அவர் படித்த பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் போதவில்லை. அதற்காக ஆண்கள் பள்ளிக்குப் போனார். 18 வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மாலை வகுப்பில் கணிதப் பட்டம் பெற்றார்.

பெண் என்பதால் ஓர் எல்லைக்கு மேல் வளரவிட மாட்டார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டார். 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில், வீட்டிலேயே 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட கெட்டிக்காரப் பெண்களைத் தேடிச் சேர்த்தார். வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டதும் வந்தது. போனில் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காமலிருக்க, டைப்ரைட்டர் ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிடுவார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். 1975இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபின் பெண்களை மட்டும் எடுக்கக்கூடாது என்றாயிற்று, ஆண்களும் சேர்ந்தார்கள்.

'ஸ்டீவ்' கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் வேலை வாங்கிய விதம். யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று கணக்குப் பார்க்கவில்லை. பேசிய விலைக்கு வேலை ஒழுங்காக முடிந்ததா என்றே பார்த்தார். கண்ணில் படாதவர்களை நம்பியே அத்தனை பெரிய கம்பெனியை நடத்தினார். பிறகு தன் கைக்காசில் கம்பெனியின் கால் பங்கை ஊழியர்களுக்கே கொடுத்தார். 1996இல் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது ஊழியர்களில் 70 பேர் மில்லியனர் ஆனார்கள். இப்படிப் பங்கு வைத்த முதலாளிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே மகன் ஜைல்ஸுக்குக் கடுமையான ஆட்டிசம். கம்பெனி வளர்ந்த ஆண்டுகள் முழுவதும் அவனைப் பார்த்துக்கொள்ளும் போராட்டமும் கூடவே இருந்தது. 1998இல், 35 வயதில், ஜைல்ஸ் இறந்துபோனான். 2025 ஆகஸ்டில் மறைந்த ஸ்டெஃபனி, வாழும்போதே ஏறக்குறைய ஏழு கோடி பவுண்டைக் கொடையாகக் கொடுத்திருந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்க பெர்க்‌ஷயரில் அவர் தொடங்கிய பிரையர்ஸ் கோர்ட் பள்ளி அந்தப் பணத்தில் உருவானதுதான்.